மல்டிகன் போட்டியில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

ரைபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி மூன்றையும் ஒரே ஸ்டேஜில் (ஒருமுறை சுட அமைத்த இலக்குத் தொகுப்பில்), டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றி மாற்றிச் சுடுவதுதான் மல்டிகன். கோளாறு வந்ததும் போட்டியாளர் முதலில் சந்தேகப்படுவது துப்பாக்கியை. சுடுகோட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பவர்களின் வரிசை வேறு: முதல் குற்றவாளி மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), அடுத்தது தோட்டா, அதற்கும் அடுத்தது தளர்ந்த திருகு. துப்பாக்கி கடைசியில்தான் வரும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், செலவுள்ளது பிறகு என்று அடுக்கியிருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள்.

தொடங்கும் முன் இடம் பற்றி ஒன்று. தோட்டா இல்லாமல் செய்யும் சோதனைகளைப் பாதுகாப்பு மேசையில் செய்யலாம். அந்த மேசையில் தோட்டாவைத் தொடவே கூடாது. பயிற்சிக்கான போலித் தோட்டாவும் ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி தோட்டாவாகவே கணக்கு, தொட்டால் தகுதி நீக்கம். தோட்டா தேவைப்படும் சோதனை எதுவானாலும் சுடுகோட்டில், ரேஞ்ச் அதிகாரி அருகில் இருக்கும்போது மட்டும்.

அறிகுறி: வெடி ஓசை மெலிந்து கேட்டது

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. மற்றக் கோளாறுகளில் நேரம்தான் போகும். இதில் அடுத்த முறை விசையை அழுத்தினால் குழல் வெடிக்கலாம், கையும் போகலாம்.

வழக்கமான அதிர்வுக்குப் பதிலாக 'டப்' என்ற மந்தமான சத்தம், உதைப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் அடுத்த தோட்டா தானாக ஏறாது. குண்டு குழலின் நடுவில் நின்றிருக்கலாம். ஆபத்து எங்கே என்றால், சிக்கலை நொடியில் நீக்கப் பழகிய கையில். மேகசினைத் தட்டி, போல்ட்டை (தோட்டாவை ஏற்றி, குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) இழுத்து, மறுபடி சுடுவது அந்தக் கைக்கு அனிச்சைச் செயல். காது சொன்னதைக் கேட்பதற்குள் கை வேலையை முடித்துவிடும்.

செய்ய வேண்டியது: விரல் வெளியே, முனை மண்மேட்டை நோக்கி, அப்படியே நிற்க வேண்டும். ரேஞ்ச் அதிகாரி முந்திக்கொண்டு 'நிறுத்து' என்று சொன்னால் வாதாடாதீர்கள். சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்ட பிறகு குழல் சுத்தமாக இருந்தால் அந்த ஸ்டேஜை மறுபடி சுட வாய்ப்பு உண்டு. குண்டு சிக்கியிருந்தால் அதுவரை சுட்டதுதான் மதிப்பெண். ஆகவே தவறாக நிறுத்தினாலும் போட்டியாளருக்கு நட்டமில்லை. தயங்கும் அதிகாரிகள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

சோதனை: துப்பாக்கியை முழுவதும் காலி செய்த பிறகு, கைத்துப்பாக்கி என்றால் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏஆர் வகை (ஏஆர்-15 குடும்பத்து) ரைபிளில் மேல்பாகத்தைப் பிரித்து, போல்ட்டை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். ஷாட்கனில் சிக்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் அடைப்பு. 'பிளாஸ்டிக்தானே' என்று அதன் மேல் அடுத்த ஷெல்லை, அதாவது ஷாட்கன் தோட்டாவை, சுட்டவர்களின் குழல் வீங்கியிருக்கிறது, பிளந்தும் இருக்கிறது.

காரணம் பெரும்பாலும் தோட்டாவில்: வீட்டில் நிரப்பியதில் வெடிமருந்து விழாதது, அல்லது ஈரம் பட்டது. அந்தத் தொகுதியையே அன்றைக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று வெற்றாக இருந்தால் இன்னொன்றும் இருக்கலாம்.

எப்போது நிபுணரிடம்: குண்டு சிக்கியிருந்தால் உடனே. சரியான பித்தளைக் கம்பியும் அனுபவமும் இல்லாமல் தட்டி எடுக்க முயல வேண்டாம். எடுத்த பிறகு குழலுக்குள் வளையம்போல் ஒரு நிழல் தெரிந்தால் அந்த இடம் வீங்கிவிட்டது. குழலையே மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி: 'கிளிக்' கேட்டது, வெடிக்கவில்லை

பயிற்சியில் என்றால் முனையை மண்மேட்டிலேயே வைத்து 30 வினாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிது, ஆனால் இல்லாததல்ல. பிறகு அந்தத் தோட்டாவை எடுத்து, அதன் அடியில் சுடுஊசி குத்தும் தீமூட்டியான பிரைமரைப் பாருங்கள்.

*பள்ளமே இல்லை:* தோட்டா சரியாக ஏறியிருக்காது, அல்லது போல்ட் பூட்டாமல் நின்றிருக்கும். இரண்டும் இல்லையென்றால் சுடுஊசி உடைந்திருக்கலாம். அது பழுதுபார்ப்பவர் வேலை.

*ஆழமான பள்ளம்:* தோட்டாதான் குற்றவாளி. வேறு தொகுதியைப் போட்டுப் பாருங்கள்.

*மேலோட்டமான பள்ளம்:* ஸ்லைடு (கைத்துப்பாக்கியின் மேலே ஓடும் பாகம்) அல்லது போல்ட் முழுதாக மூடாமல் இருந்ததா என்று முதலில் பாருங்கள். அடுத்து, சுடுஊசி ஓடும் துளையில் எண்ணெய்ப் பிசுக்கு. அதுவும் இல்லையென்றால் விசையை இலேசாக்க மென்மையான ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்களா என்று உங்களையே கேளுங்கள். மென்மையான ஸ்பிரிங்குக்கு மென்மையான பிரைமர் வேண்டும். கடினப் பிரைமர் கொண்ட தோட்டாவை வாங்கிவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுவதில் பயனில்லை.

அறிகுறி: ரைபிள் சுட்டது, அடுத்த தோட்டா ஏறவில்லை

மல்டிகன் ரைபிள்களில் அடிக்கடி வருவது இதுதான். உள்ளே என்ன நிற்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

*தோட்டாவின் மூக்கு கீழே குத்தி நிற்கிறது:* மேகசின். அதன் உதடுகள் விரிந்திருக்கலாம், ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், உள்ளே மணல் இருக்கலாம். ஒவ்வொரு மேகசினுக்கும் எண் எழுதி வைத்திருந்தால் எந்த எண் தொடர்ந்து தகராறு செய்கிறது என்று தெரியும். எண் எழுதாதவர் நல்ல மேகசினையும் கெட்ட மேகசினையும் கலந்து போட்டு வருடம் முழுவதும் தேடிக்கொண்டிருப்பார். கெட்டதைப் பயிற்சிக்கென்று ஒதுக்காதீர்கள், அது எப்படியோ போட்டி நாளில் இடுப்புப் பட்டைக்கு வந்துவிடும். தூக்கி எறியுங்கள்.

*காலி அறையின் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) மேல் போல்ட் மூடி நிற்கிறது; மேகசினில் தோட்டா இருக்கிறது:* போல்ட் போதிய தூரம் பின்னால் போகவில்லை. மேகசின் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கீழே இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் ஒற்றைத் தோட்டா சோதனை: மேகசினில் ஒன்றே ஒன்று போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் பூட்டி நின்றால் அதைத் தள்ளும் வெடிவாயு போதுமானது, மேகசினுக்குத் திரும்புங்கள். நிற்கவில்லை என்றால் வேறு மேகசினோடு ஒருமுறை செய்து பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் எண்ணெய். ஏஆர் வகை நனைந்திருந்தால் அழுக்கோடும் ஓடும். காய்ந்திருந்தால் சுத்தமாக இருந்தாலும் நிற்கும். அடுத்து தோட்டா: வழக்கத்தைவிடப் பலம் குறைந்த தொகுதியா? மூன்றாவது, திருகி வாயு அளவு மாற்றும் கேஸ் பிளாக் (குழலிலிருந்து வாயுவைப் பிரித்தெடுக்கும் பாகம்). உதைப்பைக் குறைக்க அதை மிச்சமில்லாமல் மூடி வைப்பது மல்டிகன்காரர்களின் பழக்கம். சுத்தமான துப்பாக்கியில், வெயில் நாளில், ஒரே தொகுதித் தோட்டாவில் அது வேலை செய்யும். குளிர் வந்தாலோ கரி படிந்தாலோ நின்றுவிடும். வேலை செய்யும் எல்லையிலிருந்து ஓரிரு படி கூடுதலாகத் திறந்து வையுங்கள்; உதைப்பு சற்றே கூடும், ஸ்டேஜ் முடியும்.

நான்காவது, போல்ட் கேரியரின் (போல்ட்டைத் தாங்கி நகரும் பாகம்) மேலுள்ள வாயுக் குழாய் முனையின் திருகுகள். விரலால் ஆட்டினால் ஆடக் கூடாது. ஐந்தாவது, போல்ட்டின் மூன்று வாயு வளையங்கள். கேரியரைக் கழற்றி, போல்ட்டை வெளியே இழுத்துவிட்டு, போல்ட் முகம் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். கேரியர் தன் எடையில் சரிந்து இறங்கினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. விலை அற்பம், மாற்றிவிடலாம். இத்தனைக்கும் பிறகு கேஸ் பிளாக் குழலில் நகர்ந்திருக்கிறது என்று தோன்றினால், அது பழுதுபார்ப்பவரிடம்.

*வெற்று உறை அறையிலேயே சிக்கியிருக்கிறது:* அறையைச் சுத்தம் செய்யுங்கள். அறைக்கென்றே உள்ள தூரிகையால், குழல் தூரிகையால் அல்ல. பிறகு எக்ஸ்ட்ராக்டரும் (உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி) அதன் ஸ்பிரிங்கும். உறையின் விளிம்பு கிழிந்து வருகிறது, பிரைமர் தட்டையாகியிருக்கிறது, உறை வீங்கியிருக்கிறது என்றால் சுடுவதை நிறுத்துங்கள். அழுத்தம் மிகையாகியிருக்கிறது, அல்லது அறை அளவில் பிழை இருக்கிறது. சுடுதளத்தில் தீர்க்கக்கூடிய கோளாறு இல்லை அது.

அறிகுறி: ரைபிள் குறி தவறுகிறது

*தொலைவில் சரி, 5 முதல் 7 மீட்டரில் தாழ்ந்து படுகிறது:* கோளாறே இல்லை. ஏஆர் வகையில் ஸ்கோப் குழலுக்கு ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. கிட்டத்தில் குண்டு கிட்டத்தட்ட அந்த அளவுக்குத் தாழ்ந்துதான் படும். சுடக்கூடாத இலக்கின் மேல் எட்டிப் பார்க்கும் மற்றோர் இலக்கின் தலைப்பகுதியைச் சுடும்போது மேலே பிடிக்க வேண்டும். இதைச் சரிசெய்ய ஸ்கோப்பைத் திருகி, 300 மீட்டர் தகடுகளைத் தவற விடுபவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் கிடைப்பார்கள்.

*எல்லாத் தொலைவிலும் ஒரே பக்கமாக விலகுகிறது:* மவுண்ட் திருகுகள். இறுக்கிய பிறகு திருகுத் தலையிலிருந்து மவுண்ட் வரை வண்ணக் கோடு ஒன்று போட்டு வையுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. கோடு சரி என்றால் தோட்டா: 55 கிரெயின் (குண்டின் எடை) தோட்டாவில் குறி சரிசெய்துவிட்டு 77 கிரெயினைப் போட்டால் படும் இடம் மாறும்.

*கண்டபடி சிதறுகிறது:* குழல் முனையில் பொருத்திய கருவி தளர்ந்திருக்கிறதா, குண்டு அதில் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இருந்தால் இனி ஒன்றுகூடச் சுடாமல் பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.

அறிகுறி: ஷாட்கன் சிக்குகிறது

மூன்றில் அதிகம் சிக்குவது ஷாட்கன்தான். வெளியே நீண்ட மேகசின் குழாய், நான்கு நான்காக அவசரமாகத் திணிக்கும் கை, ஒரே ஸ்டேஜில் சிறுகுண்டும் ஸ்லக்கும் (ஒற்றைப் பெரிய குண்டு). சிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

*ஷெல் உள்ளே போக மறுக்கிறது, அல்லது போனது பின்னால் வழுக்கி வருகிறது:* ஷெல்லைத் தடுப்பு நாக்கு 'டிக்' என்று பிடிக்கும்வரை தள்ளுகிறீர்களா? பாதிக்கு மேல் கைப்பிழை. கை சரி என்றால் நாக்கைச் சுற்றியுள்ள அழுக்கு. நாக்கு வளைந்திருந்தால் பழுதுபார்ப்பவர்.

*ஷெல் குழாயில் இருக்கிறது, மேலே வரவில்லை:* நீட்டிப்புக் குழாயின் நட்டு தளர்ந்திருக்கும். சுடச்சுட அது தானே கழலும். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் முன் கையால் திருகிப் பாருங்கள், கூடவே குழல் முனையில் திருகும் சோக்கையும். அடுத்து குழாய்க்குள் மணல், அதற்கடுத்து ஸ்பிரிங்.

*வெற்று ஷெல் வெளியே போகவில்லை:* ஷெல்லின் பலத்தைப் பாருங்கள். 24 கிராம் சிறுகுண்டு கொண்ட இலேசு ஷெல் பல தானியங்கிகளை ஓட்டாது. 28 அல்லது 32 கிராமில் ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் பழுது எதுவும் இல்லை. ஓடவில்லை என்றால் துப்பாக்கியின் வகை பார்த்துப் பிரியுங்கள். வாயுவால் ஓடுவது என்றால் பிஸ்டனையும் வாயுத் துளைகளையும் கரி நீக்குங்கள். உதைப்பின் விசையால் ஓடுவது என்றால் அதன் மேல் ஏற்றிய எடையைக் கழற்றுங்கள்: பக்கவாட்டு ஷெல் தாங்கி, விளக்கு, அலங்காரம் எல்லாம். அந்த வகைக்குத் துப்பாக்கி பின்னால் நகர வேண்டும். எடை கூடினால் நகர்வு குறையும். தோளில் தளர்வாகப் பிடித்தாலும் சிக்கலாம். மலிவான ஷெல்களில் அடிப்பாகம் பித்தளைக்குப் பதில் எஃகாக இருக்கும். சூடான அறையில் அவை ஒட்டிக்கொள்ளும். அறையைத் தேய்த்து மெருகேற்றுவது உதவும், அதைப் பழுதுபார்ப்பவர் செய்யட்டும்.

*அறை காலியாகத் தெரிகிறது, சுட்டால் வெடிக்கவில்லை, ஷெல்லையும் காணவில்லை:* கவனம். 12 கேஜ் குழலில் அதைவிடச் சிறிய 20 கேஜ் ஷெல் விழுந்திருக்கலாம் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு). அது அறையைத் தாண்டி வழுக்கிக் குழலில் அடைத்துக்கொள்ளும்; பின்னால் ஒரு 12 கேஜ் ஷெல் தாராளமாக ஏறும். ஏறியதைச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் ஷெல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இதற்காகத்தான். இரண்டு கேஜும் ஒரே பையில் இருக்கவே கூடாது. ரைபிளிலும் இதற்கு இணை உண்டு: .300 பிளாக்அவுட் தோட்டா 5.56 மி.மீ. தோட்டாவுக்கான மேகசினில் அழகாகப் பொருந்தும், சில சமயம் அறையிலும் ஏறிவிடும், சுட்டால் துப்பாக்கி சிதறும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மேகசினுக்கு வண்ணப் பட்டை கட்டுவது வீண் எச்சரிக்கை இல்லை.

அறிகுறி: கைத்துப்பாக்கி

சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்லைடு முழுதாக மூடவில்லை என்றால் தோட்டாவை அளவுமானியில் போட்டுப் பாருங்கள்; போட்டிக்கு எடுத்துப் போகும் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்பவருக்கு இந்தத் தலைப்பே தேவைப்படாது. பிறகு அறை அழுக்கு, பிறகு உதைப்பு ஸ்பிரிங். மேகசின் தரையில் விழுந்த ஸ்டேஜுக்குப் பின் அதைத் திறந்து துடைக்காவிட்டால் அடுத்த ஸ்டேஜில் சிக்கும். குறிபார்க்கும் கருவியின் சிவப்புப் புள்ளி தெரியவில்லை என்றால் பேட்டரி; புள்ளி தெரிந்தும் குறி ஓடினால் அடித்தட்டுத் திருகு.

அறிகுறி: ஒரே அழுத்தலில் இரண்டு வெடித்தது, அல்லது போல்ட் மூடும்போதே வெடித்தது

இங்கே சோதனைப் பட்டியல் கிடையாது. காலி செய்து பையில் போட்டுவிடுங்கள். அந்தத் துப்பாக்கிக்கு அன்றைய போட்டி முடிந்தது. விசைப் பகுதியைத் திறந்து அரம் தேய்த்துப் பார்க்கலாம் என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னால் கேட்காதீர்கள். சேஃப்டி (விசைப் பூட்டு) போட்டிருக்கும்போது விசையை அழுத்தினால் ஹேமர் (சுடுஊசியை அடிக்கும் சுத்தியல்) விழுகிறது, அல்லது சேஃப்டியை எடுத்ததும் விழுகிறது என்றாலும் இதே தீர்ப்பு.

ஒரு விளக்கம் மட்டும்: ஏஆர் வகையில் ஏற்றி, சுடாமல் எடுத்த தோட்டாவின் பிரைமரில் சிறு புள்ளி இருப்பது இயல்பு. சுடுஊசி அங்கே சுதந்திரமாக மிதக்கிறது. ஆனால் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி எடுக்காதீர்கள்.

அறிகுறி: பீப்பாயில் வைத்த துப்பாக்கி பாதுகாப்பாக இல்லை என்று அதிகாரி சொல்கிறார்

ஸ்டேஜ் நடுவில் ஒரு துப்பாக்கியைப் பீப்பாயிலோ பெட்டியிலோ வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது மல்டிகனுக்கே உரிய கட்டம். தகுதி நீக்கங்கள் குவியும் கட்டமும் அதுதான். வழக்கமான விதி: ஒன்று சேஃப்டி போட்டிருக்க வேண்டும், அல்லது முழுவதும் காலியாக இருக்க வேண்டும்.

மறந்துபோவது எளிய காரணம். அதைவிட நுட்பமானது: ரைபிள் சிக்கிவிட்டது, விசை செத்துவிட்டது, வெறுப்பில் பீப்பாயில் வைக்கப் போகிறீர்கள், சேஃப்டி திரும்பவில்லை. ஏஆர் வகையில் ஹேமர் விழுந்திருந்தால் சேஃப்டி போட முடியாது. 1911 வகைக் கைத்துப்பாக்கியிலும் அப்படியே. போல்ட்டை இழுத்து ஹேமரை ஏற்றிச் சேஃப்டி போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், வைக்காதீர்கள். முனையை மண்மேட்டில் வைத்து அதிகாரியைக் கூப்பிடுங்கள். ஐ.பி.எஸ்.சி. விதியில் 2 நிமிடத்துக்குள் தீராத சிக்கலுக்கு எப்படியும் அதுதான் வழி. ஸ்டேஜ் மதிப்பெண் போகும், போட்டி போகாது.

போட்டி நடத்துபவர் பார்க்கும் அறிகுறிகள்

*டைமர் கூடுதலாகப் பதிகிறது:* பக்கத்துத் தளத்தின் சத்தம் அல்லது எஃகுத் தகட்டின் ஓசை. மைக்கின் உணர்திறனைக் குறையுங்கள், எதிரொலி வடிகட்டியை மாற்றுங்கள். கடைசி வெடிக்கும் அதற்கு முந்தையதற்கும் இடைவெளி நம்ப முடியாத அளவு நீண்டிருந்தால் அந்த நேரத்தைப் பதியாதீர்கள், மறுசுடுதல்தான்.

*பாப்பர் (அடிபட்டால் விழும் எஃகு இலக்கு) அடிபட்டும் விழவில்லை:* முதலில் தரை, அடித்தளம் சாய்ந்திருக்கும். அடுத்து அமைப்புத் திருகு. போட்டி நடுவே நடந்தால் யாரும் அதைத் தொடக் கூடாது. போட்டியாளர் எதிர்ப்புத் தெரிவித்தால், அளவீட்டுக்கென வைத்த துப்பாக்கியாலும் தோட்டாவாலும் அவர் நின்ற இடத்துக்கு அருகிலிருந்து அதிகாரி சுட்டுப் பார்ப்பார். உரிய பகுதியில் பட்டு விழுந்தால் போட்டியாளருக்கு அது தவறவிட்ட இலக்கு, விழாவிட்டால் மறுசுடுதல்.

*தகட்டிலிருந்து சில்லு திரும்பி வருகிறது:* தொலைவை அளந்து பாருங்கள். ஐ.பி.எஸ்.சி. விதியில் கைத்துப்பாக்கிக்கு எஃகு இலக்கு 7 மீட்டருக்குக் கிட்டே வரக் கூடாது, ஸ்லக்குக்கு 40 மீட்டர். அடுத்து தகட்டின் முகம்: ரைபிள் குண்டு குழி பறித்த தகட்டைக் கைத்துப்பாக்கிக்கு வைத்தால் ஈயம் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது தோட்டா. எஃகுச் சிறுகுண்டும் எஃகு உள்ளீடு கொண்ட ரைபிள் குண்டும் உள்ளே வரவே கூடாது. காந்தம் பிடித்துச் சோதிக்கலாம். காந்தம் ஒட்டுவதாலேயே உள்ளீடு எஃகு என்று ஆகிவிடாது, உறையில் மட்டும் எஃகு கலந்தவையும் ஒட்டும். வாதம் வேண்டாம், ஒட்டினால் அனுமதி இல்லை என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

*போட்டி நேரம் இழுக்கிறது:* ஆறு ஸ்டேஜ், குழுவுக்கு 12 பேர் என்று வைப்போம். ஒருவருக்கு 4 நிமிடம் என்றால் ஒரு சுற்று 48 நிமிடம், மொத்தம் 4 மணி 48 நிமிடம். ஒரே ஒரு ஸ்டேஜில் ஆளுக்கு 6 நிமிடம் ஆனால் எல்லாக் குழுக்களும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்: சுற்றுக்கு 72 நிமிடம், மொத்தம் 7 மணி 12 நிமிடம். அந்த ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.

அங்கே இலக்கின் துளைகளைக் காகிதம் ஒட்டி மூட ஆள் போதுமா என்பது முதல் கேள்வி. குழுவில் சுடாமல் நிற்பவர்கள் அனைவரும் ஒட்டினால் பாதிச் சிக்கல் தீரும். அடுத்தவர் துப்பாக்கிப் பையோடு தயாராக நிற்கிறாரா? மூன்று துப்பாக்கியையும் அவரவர் இடத்தில் வைப்பதற்கு மட்டும் ஓர் உதவி அதிகாரியை ஒதுக்கினால் நேரம் கண்கூடாகக் குறையும். தொலைவு இலக்கு அடிபட்டதா என்று தெரியாமல் நேரம் போனால் தொலைநோக்கியோடு ஒருவரை உட்கார வையுங்கள், அல்லது ஒளிரும் அடிகாட்டியைப் பொருத்துங்கள். இலக்கின் எண்ணிக்கையைக் குறைப்பது கடைசி வழி. ஒருவர் சுட்டுவிட்ட பிறகு அதை அதிகாரி தானாகச் செய்ய முடியாது. போட்டி இயக்குநரைக் கூப்பிட்டு, எல்லோரும் மாற்றிய ஸ்டேஜையே மறுபடி சுடுவதா, அந்த ஸ்டேஜை முழுவதும் நீக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும்.